சுண்டுவிரல் விட்டுப் பார்ப்பவர்

துப்பாக்கியை யார் கொடுத்தாலும் அக்கா முதலில் போல்ட் என்கிற அடைப்பு இரும்பைப் பின்னுக்கு இழுத்து உள்ளே எட்டிப் பார்ப்பார். பிறகு தோட்டா உட்காரும் துளைக்குள் வலதுகைச் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். கொடுத்தவர் அவர் கண்ணெதிரிலேயே திறந்து காட்டியிருப்பார். பக்கத்தில் நின்ற இன்னொருவரும் பார்த்துவிட்டுக் காலி என்று சொல்லியிருப்பார். அக்காவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

"நான் இன்னும் பாக்கலையே லா" என்பார்.

அதனால் அந்தச் சுண்டுவிரல் நகத்தின் ஓரம் எப்போதும் கறுப்பாகவே இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஒரு விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவார். ஒரு காலத்தில் அந்த விரலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது அதை நினைத்தால் வேறு ஏதோ செய்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்குப் பெயர் உண்டு. எழுத மாட்டேன். எழுதும் தகுதி எனக்கு இல்லை, ஏன் என்பது போகப்போகத் தெரியும். ஆக்லாந்தில் நாங்கள் இருந்த அந்த ஏழெட்டு வருடங்களில் எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். மலேசியாவில் கிள்ளான் பக்கம் பிறந்தவர், அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் தனியாக இருந்தார். வேலை கார்களைச் சோதிப்பது. இந்த நாட்டில் ஓடுகிற ஒவ்வொரு காரும் அவ்வப்போது சோதனையில் தேறி 'வாரன்ட்' ஸ்டிக்கர் வாங்க வேண்டும், இல்லையென்றால் ரோட்டில் ஓட்டக்கூடாது. மவுண்ட் ராஸ்கில் பக்கம் ஒரு பட்டறையில் அந்த வாரன்ட் ஒட்டுகிறவர் அக்கா.

தமிழ் முகம், தமிழ் பேச்சு, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுப்பார் என்று நம்பி வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர். நானும் அப்படித்தான் போனேன். என் காரின் அடியில் பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு வெளியே வந்து, "பெயில்" என்றார்.

"என்னங்க பெயிலு? டயர் போன வருசம்தான் மாத்துனேனுங்க. நல்லா இருக்கும், போய்ப் பாருங்க."

"இருக்கும்னு இல்ல தம்பி. பாத்தேன். உள் பக்கம் தேஞ்சு கம்பி தெரியுது."

பட்டறைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. வாடிக்கையாளர்கள் அதற்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். நான் அதைத் தாண்டிப் போய் அவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் கத்தினேன். கோயமுத்தூர்க்காரன், கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் கத்துவேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் கத்தி முடிக்கும்வரை நீட்டிய என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெயில் சீட்டைக் கையில் கொடுத்து, "இருபத்தெட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிட்டு வா, ரீசெக் பண்ணித் தரேன். தாண்டிட்டா முதல்லேர்ந்து பாக்கணும்" என்றார்.

டயரை மாற்றிக்கொண்டு மூன்றாம் நாள் போனேன். அன்றைக்குத்தான் அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். கறுப்பு வட்டத்தின் நடுவில் ஐந்து துளைகள். ஐந்தையும் சேர்த்து ஒரு பொட்டால் மூடிவிடலாம். முந்நூறு மீட்டரிலிருந்து சுட்டது என்றார். யார் சுட்டது என்று கேட்டேன். பட்டறையின் இன்னொரு மூலையிலிருந்து டயர் கழற்றிக்கொண்டிருந்த டோங்கா நாட்டு ஆள்தான் சிரித்துக்கொண்டே அக்காவைக் கைகாட்டினான்.

ஊரில் சினிமாவிலும் போலீஸ்காரன் தோளிலும் மட்டுமே துப்பாக்கியைப் பார்த்தவன் நான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவரோடு மேற்கே இருக்கும் சுடும் மைதானத்துக்குப் போய்விட்டேன். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்றால் மற்றவர்களும் சுடலாம். முதல் வெடி தோளில் உதைத்தபோது உச்சந்தலை வரை ஒரு சுகம் ஏறியது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தான் சுடும் தோட்டாக்களை அக்கா கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டுக் கராஜில் தானே மறுபடி கட்டுவார். கூட்டின் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமரை அழுத்தி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து ஊற்றி, மேலே குண்டை வைத்து ப்ரெஸ் என்கிற அழுத்துப்பொறியில் இறக்க வேண்டும். கேட்க எளிதான வேலை. ஆனால் ஒரு கூட்டில் மருந்து இரண்டு முறை விழுந்துவிட்டால், வெடிப்பது எதிரே உள்ள இலக்கு அல்ல, பிடித்திருக்கும் துப்பாக்கி. அதனால் அந்த மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். ரேடியோ கிடையாது. போன் துணி துவைக்கும் அறையில் கிடக்கும். யாரும் பேசக்கூடாது. ஐம்பது கூடுகளையும் துளைப்பலகையில் நிற்க வைத்து, குண்டு வைக்கும் முன் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை நான் போய் அழைப்புமணியை அடித்துவிட்டேன். வேலை பாதியில் இருந்தது. கதவைத் திறந்து என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நிரப்பி வைத்திருந்த முப்பது சொச்சம் கூடுகளையும் ஒன்றொன்றாகக் கவிழ்த்து மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டினார்.

"எதுக்குங்க அக்கா? ஊத்துனதுதான் ஊத்தியாச்சே?"

"மணி அடிச்சப்போ எதுல நின்னேன்னு தெரியல."

"கடைசிக் கூட்டுல நின்னிருப்பீங்க."

"நின்னிருப்பேன்னு நீ சொல்ற" என்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு யாராக இருந்தாலும் இத்தனை பொறுமை எனக்கு வந்திருக்காது.

அடுத்தவர் கட்டிய தோட்டாவைச் சுடுவதில்லை, தான் கட்டியதை அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. மைதானத்தில் பலர் இதை வாயால் சொல்வார்கள், அக்கா நடந்து காட்டினார். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வருவார். ரக்பி பார்த்துக்கொண்டே தோட்டா கட்டுவதாகப் பெருமை பேசுகிற, நல்ல தமாஷான மனிதர். ஒருநாள் தன் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா தலையை ஆட்டி மறுத்து, தன் இடத்தை அவரிடமிருந்து நான்கு மேடை தள்ளி மாற்றிக்கொண்டார். கிழவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வயசானவரை இப்படியா அவமானப்படுத்துவது என்று நான் மனதுக்குள் அக்காவைத் திட்டினேன்.

அரை மணி நேரத்தில் அது நடந்தது. வழக்கமான வெடிச்சத்தம் அல்ல, தகரக் கொட்டகையே உடைந்து விழுந்தது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது கிழவர் மல்லாந்து கிடந்தார். துப்பாக்கியின் மரக்கட்டை பிளந்து, இரும்பு வாழைப்பூ மடல்போல விரிந்திருந்தது. இடதுகையில் இரண்டு விரல்கள் இல்லை. கன்னத்தில் பித்தளைத் துண்டு ஒன்று செருகி நின்றது. அவர் அலறவில்லை, கையையே பார்த்துக்கொண்டு, "ஓ, ஓ" என்று குழந்தை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஓடிப்போய்த் தன் பெல்ட்டைக் கழற்றி அவர் முன்கையில் இறுக்கினார். ரத்தம் அக்காவின் சட்டையெல்லாம் பீய்ச்சியது. என்னைப் பார்த்து, "விரல தேடு லா!" என்று கத்தினார். நான் புல்லில் தவழ்ந்து தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. சூடாக இருந்தது. அதை என் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கிழவரின் பெட்டியில் மிச்சம் பத்தொன்பது தோட்டாக்கள் இருந்தன. மைதானத்துக்குப் பொறுப்பானவர் கேட்டுக்கொண்டதால் அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தை நிறுத்தார். பதினோராவதில் நிறுத்தி, தராசை என் பக்கம் திருப்பினார். இரட்டை மருந்து.

"அவரு சரியா இருக்கும்னு நெனச்சாரு" என்றார். அப்போதும் அவர் குரலில் கிழவர்மேல் கோபமில்லை. மீதி எட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

அக்காவின் இடது காதுமடலில் மேலே ஒரு துணுக்கு கிடையாது. முடியை அதன்மேல் இழுத்து விட்டிருப்பார். அன்று வீடு திரும்பும் வழியில், கார் கண்ணாடி திறந்திருந்ததால் காற்றில் முடி விலகி அது தெரிந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"என் வீட்டுக்காரரு காலின்னு சொன்னாரு" என்றார்.

அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை, எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. அது விபத்தா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைப் பற்றியே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

ஏனென்றால் நான் சுமதியை அடிப்பேன். சுமதி என் மனைவி. கல்யாணமாகி ஆறு வருடம். முதல் முறை அடித்தது அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டே என் சட்டையைத் தீய்த்துவிட்டதற்காக. பிறகு காரணம் தேவைப்படவில்லை. எல்லர்ஸ்லியில் என் அலுவலகத்தில் என்னைவிடச் சின்னவன் ஒருவனை எனக்கு மேலே போட்டபோது அடித்தேன். ஒருமுறை தலைமுடியைப் பிடித்துக் குளியலறைக் கதவில் மோதினேன். கோபக்காரன், என்ன செய்வது, வந்தால் கண் தெரியாது என்று சொல்லிக்கொள்வேன். பொய். அரைக்கைச் சட்டை மறைக்கிற இடமாகப் பார்த்து அடிக்கும் அளவுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.

அக்காவுக்கு இது எப்போது தெரிந்தது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஆட்டிலிருந்தே ஆரம்பித்திருக்கும்.

வடக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு பண்ணை. காட்டு ஆடுகள் நாற்றுகளைத் தின்று தீர்க்கின்றன என்று பண்ணைக்காரர் ஆள் கூப்பிடுவார். அக்கா என்னையும் கூட்டிப்போனார். என் தோளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, எனக்காகக் கடையில் வாங்கியதிலிருந்து ஐந்து தோட்டாக்களை மட்டும் எண்ணிக் கொடுத்தார். எதிர்ச்சரிவில் ஒரு கறுப்புக் கிடா. முதல் குண்டு வயிற்றில் பட்டது. அது பின்காலை இழுத்துக்கொண்டு, குடல் தொங்க, மனிதன் மாதிரிக் கத்திக்கொண்டே ஓடப் பார்த்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. விழாமல் எப்படி நிற்கலாம் அது? இரண்டாவது கழுத்தில் பட்டதும் விழுந்தது. அப்புறமும் நான் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுட்டேன். ஒவ்வொரு குண்டுக்கும் செத்த உடம்பு துள்ளியது. வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன் போல, தோட்டா தீர்ந்து போல்ட் வெறுமனே இழுபட்டபோதுதான் என் குரலே எனக்குக் கேட்டது.

அக்கா துப்பாக்கியை என் கையிலிருந்து எடுத்து, திறந்து பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டார்.

"அஞ்சு கொடுத்தேன். ரெண்டாவதுலயே அது செத்துருச்சு" என்றார். "மத்த மூணு யாருக்கு?"

நான் சிரித்தேன். விளையாட்டாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னை மைதானத்துக்குக் கூப்பிடுவதும் குறைந்தது.

கூப்பிடாவிட்டால் என்ன, நானே லைசென்ஸ் எடுத்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். வகுப்பு, தேர்வு எல்லாம் சுலபம். அதற்கு மேல்தான் இந்த ஊர் வழக்கம். போலீஸ் சார்பில் ஒருவர் வீட்டுக்கு வந்து மனைவியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்: இவரிடம் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமில்லையா? அது போக, சொந்தக்காரர் அல்லாத இன்னொருவரும் நம்மைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கெஜடட் ஆபீசரிடம் அட்டெஸ்டேஷன் வாங்கி வளர்ந்தவன் நான். முகம்கூடப் பார்க்காமல் பச்சை மையில் போட்டுத் தருவார்கள். இதுவும் அந்த மாதிரி ஒரு கையெழுத்துதானே என்று நினைத்தேன். சுமதி என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். அந்த இன்னொருவருக்கு அக்கா இருக்கிறாரே என்று படிவத்தில் அவர் பெயரை எழுதி அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"வீட்ட நான் பாக்கணும்" என்றார் அக்கா.

சந்தோஷமாகக் கூப்பிட்டேன். த்ரீ கிங்ஸில் எங்கள் வாடகை வீட்டின் படுக்கையறை அலமாரிக்குள் இரும்புப் பெட்டி வாங்கிப் பொருத்தியிருந்தேன், வீட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்கி நான்கு போல்ட் போட்டு. சனிக்கிழமை பகலில் வந்தார். பசியாறிவிட்டு வந்ததாகச் சொல்லி, நேராகப் பெட்டிக்குப் போனார். பிடித்து உலுக்கினார், பூட்டைத் திறந்து மூடினார், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"பெட்டி பாஸ்" என்றார்.

நடைவழியில் திரும்பி வரும்போது நின்றுவிட்டார். அங்கே கோயில் காலண்டர் ஒன்று தொங்கியது. முருகன் என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தார்.

"சாமிய யாரு இவ்ளோ கீழ மாட்டுவா?" என்றபடி காலண்டரைத் தூக்கினார். பின்னால் சுவரில் ஓட்டை. இங்கே வீடுகளுக்கு உள்சுவர் செங்கல் இல்லை, ஜிப் என்கிற மெல்லிய ஜிப்சம் பலகை. ஒரு குத்துக்கே உடையும். அக்கா சுண்டுவிரலை அதற்குள் விட்டு ஓரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அது கதவு கைப்பிடி இடிச்சதுங்க அக்கா" என்றேன்.

"கதவு அந்தப் பக்கம்ல தொறக்குது?"

என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். நான் இழுத்துக்கொள்வதற்குள் என் கையை மடக்கி ஓட்டையில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. டீத் தட்டோடு வந்த சுமதி அப்படியே நின்றாள்.

"நீ சொல்லு மா. என்னா இது?"

சுமதி என் முகத்தைப் பார்த்தாள். "கைப்பிடிதானுங்க அக்கா" என்றாள்.

அக்கா மேலே கேட்கவில்லை. உட்கார்ந்து டீயை முழுவதும் குடித்தார். கழுவித் தருகிறேன் என்று கோப்பையை எடுத்துக்கொண்டு சுமதியோடு சமையலறைக்குப் போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிடம் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "தம்பி, உனக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்" என்றார். "இது பெயில்."

எத்தனை நாளைக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அன்று அவர் சொல்லவில்லை. அவர் கார் திரும்பிப் போனதும் சுமதியை என்ன சொன்னாய் என்று கேட்டு அடித்தேன். குழாயை மூடினேன், கோப்பை கழுவினேன் என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஆறு வருடத்தில் அவள் என்னிடம் எதையாவது மறைத்தது அதுதான் முதல் முறை. எனக்கு அது தெரியவில்லை.

அக்கா இல்லாவிட்டால் அலுவலக நண்பன் இல்லையா? என் வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவன், போனில் போலீசிடம் என்னைத் தங்கமான மனிதன் என்றான். சுமதியும் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். வந்த அதிகாரி பெட்டியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். துப்பாக்கி எது வாங்குவது என்றுகூட நான் முடிவு செய்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எனக்கு லைசென்ஸ் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏவன்டேல் போனேன். கராஜ் கதவு மேலே ஏற்றியிருந்தது. மேஜையில் துப்பாக்கி போல்ட் திறந்து கிடந்தது, பக்கத்தில் துளைப்பலகையில் மருந்து நிரப்பிய கூடுகள். கடிதத்தை அவர் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன்.

"நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. நான்தான்."

"போலீஸ் உங்களக் கேட்டாங்களா?"

"கேக்கல. நானே போனேன். செவுத்த பாத்தேன். அந்தப் பொண்ணு கைய பாத்தேன். முதுகையும் பாத்தேன். போய்ச் சொன்னேன்."

"எங்க குடும்ப விஷயத்துல நீங்க யாருங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துளைப்பலகையை ஒரே வீச்சில் தள்ளினேன். கூடுகள் கான்கிரீட் தரையில் சிதறி வாசல்வரை உருண்டன, கறுப்பு மருந்து கடுகு மாதிரி இறைந்தது. அவர் குனிந்து பார்த்த நேரத்தில் புறங்கையால் அறைந்தேன். கண்ணாடி பறந்தது. அவர் பக்கவாட்டில் சாய்ந்து ப்ரெஸ்ஸின் இரும்பில் புருவம் இடித்து விழுந்தார். என் அம்மாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். நான் இன்னொரு முறை கை ஓங்கிக்கொண்டு நின்றேன்.

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உதடு கிழிந்திருந்தது. புருவத்து ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. துப்பாக்கியை எடுத்தார். என்னைச் சுடப்போகிறார் என்று நினைத்தேன், சுட்டால் நியாயம்தான் என்றும் அந்தக் கணத்தில் தோன்றியது. அவர் குழாயை என்னிடமிருந்து விலக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி, திறந்திருந்த துளைக்குள் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் சரியாகத் தெரியவில்லை போலும், ரத்தம் பட்ட சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். போல்ட்டை உருவி ஏப்ரன் பைக்குள் போட்டார். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டினார். எதிலும் அவசரமில்லை. நான் ஒருவன் கையை ஓங்கி நிற்கிறேன் என்பது அந்த ஒரு நிமிடம் அவருக்கு இரண்டாவது விஷயமாகத்தான் இருந்தது.

பிறகு துணி துவைக்கும் அறைக்குப் போய்ப் போனை எடுத்தார். போலீசுக்கு என்று நினைத்தேன்.

"மா, நான்தான். பேக்க எடுத்துக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிரு. ஆமா, இப்பவே. அடுப்ப அணைக்க எல்லாம் நிக்காத."

அந்த ஐந்து நிமிடக் குழாய்ச் சத்தத்தில் என்ன பேசினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஏவன்டேலில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. ரோடு முழுக்கக் கார்கள். கீரைக்கட்டும் சேப்பங்கிழங்கும் தூக்கிக்கொண்டு பெண்கள் நிதானமாகக் குறுக்கே நடந்தார்கள். நான் ஹாரனை அழுத்தி அழுத்திக் கத்தினேன். ஒரு கிழவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் மெதுவாக நடந்தாள். பத்து நிமிடத்தில் போக வேண்டிய வீட்டுக்கு அரை மணி நேரம் ஆனது.

சுமதி வீட்டில் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, குழம்பு அடிப்பிடித்து நாறியது. ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சமோவா அம்மாள் தன் வாசல்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சுமதியின் துப்பட்டா தெரிந்தது.

என் கால்கள் வாசலுக்குப் போகவில்லை. படுக்கையறைக்குப் போயின. அலமாரியைத் திறந்து, சாவிக்கொத்தில் அந்தச் சாவியைத் தேடி எடுத்து, இரும்புப் பெட்டியைத் திறந்தேன். காலி என்று எனக்குத் தெரியும். வாங்கிப் பொருத்திய நாளிலிருந்து அதில் எதையுமே வைத்ததில்லை. ஆனாலும் என் கை உள்ளே போய், அடிவரைக்கும், மூலைவரைக்கும் துழாவியது. திரும்பவும் துழாவியது. விரல்கள் வெறும் தகரத்தில் பட்டுக்கொண்டே இருந்தன.

எதைத் தேடுகிறேன் என்பது புரிந்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதில் ஒன்று இருந்திருந்தால் அன்று சுமதியைக் கொன்றிருப்பேன். கொன்றிருப்பேனோ என்னவோ என்று மழுப்ப மாட்டேன். என் கை எங்கே போனது என்று நான் பார்த்தேன். போலீஸ் வந்து தோளைத் தொடும்வரை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இந்த ஊரில் இப்படிப்பட்டவர்களுக்கு நடப்பதுதான். நீதிமன்றம், சுமதியின் பக்கமும் அக்காவின் பக்கமும் போகக்கூடாது என்ற உத்தரவு, வாரம் ஒரு மாலை என்னைப் போன்ற ஆண்களோடு வட்டமாக உட்கார்ந்து உண்மை பேசப் பழகும் வகுப்பு. முதல் ஐந்தாறு வாரம் அங்கேயும் பொய்தான் சொன்னேன். ஒருநாள் அந்த ஆட்டைப் பற்றிச் சொன்னேன். மத்த மூணு யாருக்கு என்று அக்கா கேட்டதையும், அவை யாருக்கு என்பதையும் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அக்காவைப் பற்றிய தடை முடிந்ததும் ஒருநாள் மதியம் பட்டறைக்குப் போனேன். காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அக்கா ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தார். புருவத்தை இரண்டாகப் பிரித்து ஒரு வெள்ளைத் தழும்பு. டோங்காக்காரன் கையில் ஸ்பானரோடு எழுந்து நின்றான். அக்கா அவனை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

"காடி எங்க?"

"காரு இல்லீங்க அக்கா. நான்தான் வந்திருக்கேன். ரீசெக்குக்கு."

இரண்டு வருடமாக யோசித்து வைத்திருந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை.

"இருபத்தெட்டு நாள் தாண்டிருச்சு. முதல்லேர்ந்து பாக்கணும்."

"பாருங்க அக்கா."

"உன்னையப் பாக்குற மெசின் எங்கிட்ட இல்ல லா" என்றார். "ஒனக்குள்ள நீதான் விரல விட்டுப் பாக்கணும். தினமும் பாக்கணும்."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் வாங்கிக்கொண்டாரா என்று தெரியாது, துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். போகத் திரும்பினேன். கேட்க எனக்கு உரிமையில்லாத கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. சுமதி எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்பதுதான் சட்டம். நான் கேட்கவில்லை. என் முதுகு கேட்டிருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கு" என்றார் அக்கா பின்னாலிருந்து.

நான் நின்றேன்.

"நான் பாத்தேன்" என்றார்.